"சேர் சரியில்லை" என்று பிள்ளை சொன்னால்…

கொட்டாஞ்சேனை மாணவியின் மரணத்துக்குப் பிறகு கொழும்புப் பெற்றோர் ஒருவரை ஒருவர் கேட்பது: "பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?" அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளை வந்து சொன்ன பிறகு நாங்கள் என்ன செய்யப் போகிறோம்?

மாலை ஆறரை மணி. வெள்ளவத்தை காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்று. கரையோர ரயில் இரைந்துகொண்டு போகிறது. தொடர்மாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் ரியூஷன் முடிந்து பிள்ளைகள் புத்தகப்பைகளோடு வெளியே வருகிறார்கள். குடையோடு நிற்கும் தாய் மகளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்கிறார்.

"இண்டைக்கு என்ன படிப்பிச்சவர்?"

"விஞ்ஞானம்."

"போன கிழமைப் பேப்பர் திருத்தித் தந்தவரோ? எத்தினை மார்க்ஸ்?"

"அம்மா, நான் இனி இந்த வகுப்புக்கு வரேல்லை."

"ஏன்? வீட்டுவேலை செய்யேல்லையோ?"

"இல்லை… சேர் சரியில்லை."

"சரியில்லையெண்டா? ஏசினவரோ? ஏசினா என்ன, உன்ர நன்மைக்குத்தானே. ஓ.எல். வருகுது, விளையாட்டே?"

ஓட்டோ வந்து நிற்கிறது. இருவரும் ஏறுகிறார்கள். பேச்சு அதோடு முடிகிறது.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை இல்லை. வெள்ளவத்தையில் "சேர் சரியில்லை" என்று வருவது, கொட்டாஞ்சேனையில் "அந்த வான்ல போக மாட்டேம்மா" என்று வரும். வேறொரு வீட்டில், "மாமா வந்தா நான் பாட்டியோட படுக்கிறேன்" என்று வரும். சேர் ஏசியும் இருக்கலாம். வானில் இடம் நெருக்கமாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை முறைப்பாடு செய்தால் அது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், இரண்டு சொல்லில். அந்தத் தாய் மார்க்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அப்படிக் கேட்டிருப்பேன்.

சொல்லாமல் இருக்கவில்லை

2025 ஏப்ரல் இறுதியில் கொட்டாஞ்சேனையில் 16 வயது மாணவி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். முன்பு படித்த பாடசாலையில் ஆசிரியர் ஒருவரால் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானார் என்ற முறைப்பாடு அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, 2024இல், பொலிஸுக்குப் போயிருந்தது. ஆசிரியர் கைதாகிப் பிணையில் வெளியே வந்தார். மாணவி வேறு பாடசாலைக்கு மாறினார். பிறகு தனியார் வகுப்பு ஒன்றில் மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் அதைச் சொல்லியே அவமானப்படுத்தப்பட்டார் என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினார்கள்.

மே 8ஆம் திகதி கொழும்பில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். விவகாரம் நாடாளுமன்றத்துக்குப் போனது. கல்விக்கும் பொறுப்பான பிரதமர் ஹரிணி அமரசூரிய பதில் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் இடமாற்றம் செய்யப்பட்ட ஆசிரியர், பிறகே கட்டாய விடுமுறையில் அனுப்பப்பட்டார். குற்றம் செய்தவர் யார் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குள் போகவில்லை.

என்னை இன்றுவரை விடாமல் பிடித்திருக்கும் விஷயம் வேறு. "தொட்டால் சொல்லு, பயப்படாதே" என்று சுவரொட்டிகள் சொல்வதை அந்தப் பிள்ளை செய்திருந்தார். பெற்றோர் நம்பினார்கள். பொலிஸுக்குப் போனார்கள். விழிப்புணர்வுக் கூட்டங்களில் நாங்கள் கேட்கும் எல்லாமும் அந்த வீட்டில் நடந்திருந்தது. அதற்குப் பிறகும் அவர் தனித்துப் போனார்.

அவருடைய பெயரையும் பாடசாலையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அந்தக் கிழமை அவருடைய படம் எத்தனை ஆயிரம் கைபேசிகளில் சுற்றியது என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. பகிர்ந்தவர்களில் பெரும்பாலானோர் நீதி கேட்டுத்தான் பகிர்ந்தார்கள். ஆனால் பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் எதையும் அச்சிடுவதோ வெளியிடுவதோ தண்டனைக்குரிய குற்றம் என்று 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் சொல்கிறது. அதே மாதிரியான துன்பத்தோடு வீட்டில் இருந்த வேறொரு பிள்ளை, அந்தப் படம் அம்மாவின் வட்சப்பில் வந்து விழுந்ததையும் பார்த்திருக்கும். நான் சொன்னால் என் படமும் இப்படித்தான் போகும் என்று அது நினைத்திருக்காதா?

சொன்ன மறுநாள்

முறைப்பாடு கொடுத்த மறுநாள் விடியும்போது பாடசாலை அதே இடத்தில்தான் இருக்கும். ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி உருவாகும். "அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று ஒன்று. "எங்கட பள்ளிக்கூடத்தின்ர பேர் போச்சு" என்று மற்றது. இரண்டிலும் பிள்ளை இல்லை. வகுப்பில் நேற்றுவரை பக்கத்தில் இருந்தவள் இன்று தள்ளி இருப்பாள், அவளுடைய தாய் அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார். மூன்றாம் நாள் குற்றஞ்சாட்டப்பட்டவரின் பக்கத்திலிருந்து பெரியவர் ஒருவர் பழப்பையோடு வீட்டுக்கு வருவார். "பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்தில குடுக்க வேணும், யோசிச்சுப் பாருங்கோ" என்பார்.

பிறகு தொடங்கும் இடம்மாற்றம். யார் மாறுவது? அநேகமாகப் பிள்ளைதான். பாடசாலை மாறும், வகுப்பு மாறும், சிலவேளை வீடே மாறும். புதிய இடத்துக்கு அவள் போய்ச் சேரும் முன் கதை போய்ச் சேர்ந்திருக்கும். கொழும்புத் தமிழர் எத்தனை பேர்? வெள்ளவத்தையில் ஒரு ரியூட்டரியில் தும்மினால் பம்பலப்பிட்டியில் கேட்கும்.

குற்றஞ்சாட்டப்பட்டவரை மாற்றுவது இன்னும் பெரிய தவறு. இங்கிருந்து தூரத்துப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றினால் பிரச்சினை இங்கே தீர்ந்ததுபோல் தெரியும். அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? விசாரணை முடியும்வரை பிள்ளைகளோடு தொடர்பில்லாத இடத்தில் அவரை வைத்திருப்பது தண்டனை ஆகாது. குற்றமற்றவர் என்றால் அதை நிரூபிக்கும் உரிமை அவருக்கு அப்படியே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நிர்வாகங்கள் ஏன் இவ்வளவு தடுமாறுகின்றன என்பது எனக்கு விளங்கவே இல்லை.

பாடசாலையில் அதிபர் இருக்கிறார், வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது, பெயரளவிலாவது சிறுவர் பாதுகாப்புக் குழு இருக்கிறது. ஒழுங்கைக்குள் இருக்கும் ரியூட்டரியில் சுவரில் பெறுபேறுகளின் படங்கள் இருக்கும். முறைப்பாட்டை யாரிடம் சொல்வது என்ற ஒரு பலகை இருக்காது. படிப்பிப்பவரே உரிமையாளர், அவரே காசாளர், கதவைப் பூட்டுபவரும் அவரே. மாதம் தவறாமல் கட்டணம் கட்டும் பெற்றோருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. தனி வகுப்பென்றால் கதவு திறந்திருக்குமா? வகுப்பு முடிந்து பிள்ளை தனியாக நிற்க வேண்டி வந்தால் கூட யார் நிற்பார்? இந்த இரண்டையும் கேட்டால் கோபிக்கும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

நீதிமன்றத்தின் காலம் வேறு. பிணை, தவணை, மீண்டும் தவணை, பிறகு சட்டமா அதிபர் திணைக்களம், மேல் நீதிமன்றம். பதின்மூன்று வயதில் சொன்னவள் ஏ.எல். முடித்த பிறகும் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரிடும். இடையில் குடும்பங்கள் களைத்துப் போய், "போதும், விட்டிடுவம்" என்கின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் பிள்ளைக்கு வழக்கைத் தவிர வேறு வாழ்க்கை இருக்க வேண்டும்: நெற்போல் இருக்க வேண்டும், நடன வகுப்பு இருக்க வேண்டும், பிறந்தநாளுக்குக் கூப்பிடும் சிநேகிதி இருக்க வேண்டும். அதைக் கொடுப்பது சட்டத்தின் வேலை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வேலை, வகுப்பாசிரியரின் வேலை, தன் மகளைத் தள்ளி இருக்கச் சொன்ன அந்தத் தாயின் வேலை.

▌பெட்டி: எங்கே சொல்வது?

1929 – தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம். 24 மணி நேரமும் தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் பேசலாம். பிள்ளையே அழைக்கலாம், சந்தேகம் வந்த அயலவரும் அழைக்கலாம்.

109 – பொலிஸ் சிறுவர் மற்றும் மகளிர் பணியகம்.

1938 – மகளிர் உதவி இலக்கம்.

1926 – தேசிய மனநல நிறுவனம். பிள்ளையோ பெற்றோரோ உடைந்துபோய், வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் உடனே அழைக்க வேண்டிய இலக்கம்.

நேரில் போவதென்றால்: வெள்ளவத்தை, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது, கொட்டாஞ்சேனை, கொழும்பு பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். அரச மருத்துவமனைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இருக்கிறது. சிங்களத்தில் 'மிதுரு பியச'.

தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடையில்

குழந்தைக்கு உடம்பின் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கும் விளையாட்டு எல்லா வீட்டிலும் உண்டு. "கண் எங்கே? மூக்கு எங்கே? தொப்பை எங்கே?" அது தொப்புளோடு நின்று, பிறகு முழங்காலில் தொடங்கும். இடையில் இருப்பதற்குப் பெயர் இல்லை. அல்லது "ச்சீ" என்பதுதான் பெயர். அந்த இடத்தில் ஏதாவது நடந்தால் பிள்ளை எந்தச் சொல்லால் சொல்லும்? "அங்க", "அதில" என்று சொல்லும். அந்த "அங்க"வை வைத்துக்கொண்டு பொலிஸும் சட்ட வைத்திய அதிகாரியும் திண்டாடுவார்கள்.

மூன்று நான்கு வயதில், குளிப்பாட்டும்போதே, மார்பு, பிட்டம், ஆண்குறி, பெண்குறி என்று சொல்லிவிடலாம். முதல் தடவை நாக்குத் தடுக்கும். மூன்றாம் தடவை தடுக்காது. சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும் சொற்கள்தாம் இவை. எது மறைவான இடம் என்று விளக்குவதற்கு, உள்ளாடை மூடும் இடம் என்றால் நாலு வயதுக்கும் விளங்கும். ஐரோப்பியப் பேரவை 2010இல் தொடங்கிய பிரசாரம் ஒன்று இந்த உள்ளாடை விதியைத்தான் கையில் எடுத்தது.

"நல்ல தொடுகை, கெட்ட தொடுகை" என்று சொல்லிக் கொடுத்தே பழகிவிட்டோம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைக்கு வலிக்காத, கூச்சம் காட்டுகிற, சொக்லேட்டோடு வருகிற தொடுகை "கெட்டது" என்று தோன்றாது. பெரிய பிள்ளை என்றால், "கெட்டது நடந்தது, அப்ப நானும் கெட்ட பிள்ளை" என்று நினைத்துக்கொள்ளும். பாதுகாப்பான தொடுகை, பாதுகாப்பற்ற தொடுகை என்பது இன்னும் பொருத்தம். அதைவிட எளிய வழி, இரகசியத்தைப் பற்றிச் சொல்வது. "அம்மாவிட்டைச் சொல்லாதை" என்று யாராவது சொன்னால், அதைத்தான் முதலில் வந்து சொல்ல வேண்டும். அப்பாவின் பிறந்தநாளுக்கு கேக் வாங்கி ஒளித்து வைப்பது நாளைக்கே வெளியே வந்துவிடும் இரகசியம். எப்போதும் வெளியே வரக்கூடாது என்று பெரியவர் ஒருவர் கேட்கும் இரகசியம் அந்த மாதிரி இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புரியும்.

கனடாவிலிருந்து மாமா வந்திருக்கிறார். பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளிக்கிறது. "என்ன வெக்கம்? மாமாவுக்கு ஒரு கொஞ்சு குடு" என்று முன்னால் தள்ளுகிறோம். மாமா நல்லவர், நாங்களும் அன்பினால்தான் தள்ளுகிறோம். ஆனால் உன் உடம்பு, உன் விருப்பம் என்று காலையில் சொன்னதை மாலையில் நாங்களே அழித்துவிடுகிறோம். கை கூப்பி "வணக்கம் மாமா" என்றால் மரியாதை குறைந்துவிடாது.

ஆண் பிள்ளைகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. "பெடியன்தானே, அவனுக்கு என்ன?" என்ற ஒரு வசனத்தில் எத்தனை பிள்ளைகள் வாய் மூடிப்போயிருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றம், ஆளானவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. வீடுகள்தாம் பார்க்கின்றன.

▌பெட்டி: சில எண்கள்

இன்று உயிரோடு இருக்கும் பெண்களில் எட்டில் ஒருவர், 37 கோடிப் பேர், 18 வயதுக்கு முன் பாலியல் வல்லுறவுக்கோ தாக்குதலுக்கோ ஆளானவர்கள் என்று யுனிசெஃப் 2024 ஒக்டோபரில் கணித்தது. ஆண்களில் பதினொருவரில் ஒருவர்.

இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில், 53.22 சதவீதமானோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளை நம்பியவர்கள்.

பிள்ளை பேசும் பாஷை

உட்கார்ந்து, தொடக்கம் முதல் முடிவுவரை கோவையாகச் சொல்லும் பிள்ளை அபூர்வம். பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி வரும். படுக்கையை நனைக்காத பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கும். சாப்பாட்டு மேசையில் சம்பந்தமில்லாமல், "போய்ஸ் ஸ்கூல்லயும் இப்பிடி நடக்குமோ?" என்று ஒரு கேள்வி விழும். சில பிள்ளைகள் சிநேகிதியின் கதையாகச் சொல்லிப் பார்ப்பார்கள். "என்ர பிரெண்டுக்கு இப்பிடி நடந்ததாம்" என்று தொடங்கி, உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். சிநேகிதியை நீங்கள் ஏசினால் கதை அங்கேயே நின்றுவிடும். ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த நாள் "இல்லை, சும்மா சொன்னனான்" என்று மறுப்பதும் உண்டு. மறுத்ததால் சொன்னது பொய்யாகிவிடாது.

பதின்ம வயதில் கைபேசி வந்து சேர்கிறது. யாரோ கேட்டதால் அனுப்பிய படம். பிறகு அதை வைத்தே மிரட்டல். இங்கே பிள்ளையின் வாயை அடைப்பது வெட்கம் மட்டுமில்லை, "ஃபோனைப் பறிச்சிடுவினம்" என்ற பயமும்தான். சொன்னால் ஃபோன் போகாது என்ற வாக்கை ஏதும் நடக்கும் முன்னரே கொடுத்து வைக்க வேண்டும். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். படத்தை மட்டும் எவருக்கும், ஆதாரம் என்ற பெயரில் சித்தப்பாவுக்குக்கூட, அனுப்ப வேண்டாம்.

சரி, பிள்ளை சொல்லிவிட்டது. அந்த முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வது? "நீ சொன்னது நல்லது. நான் நம்புறன். இது உன்ர பிழை இல்லை." இதைச் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். "ஏன் முதலே சொல்லேல்லை?" என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். "அவர் இப்பிடிச் செய்தவரோ, அப்பிடிச் செய்தவரோ?" என்று நீங்களே விடையை வாயில் வைக்க வேண்டாம், பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். பிள்ளை சொன்னதை அதன் சொல்லிலேயே, திகதியோடு, எழுதி வையுங்கள். பெரியம்மாவுக்கு ஒருமுறை, அம்மம்மாவுக்கு ஒருமுறை, அதிபருக்கு ஒருமுறை என்று சொல்ல வைக்க வேண்டாம். ஆத்திரத்தில் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அந்த ஆளின் வாசலுக்குப் போவது நான் கேள்விப்பட்டதிலேயே மோசமான வழி. பிள்ளை அங்கே அவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டிவரும். அவருக்கோ தடயங்களை மறைக்க நேரம் கிடைக்கும்.

அண்மையில் நடந்ததென்றால் குளிப்பாட்டாமல், உடுப்பைத் தோய்க்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தொற்றுத் தடுக்கும் மருந்துகள் சிலவற்றை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன்.

பொலிஸ் வாசலில்

சட்டம் இல்லாத நாடு இல்லை இது. சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991இல் ஏற்றுக்கொண்டோம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா அதன் முதல் தலைவர். பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுத்தது. பிள்ளை ஒரே கதையை ஒவ்வொரு மேசையிலும் சொல்லி நொந்து போகக்கூடாது என்பதே அதன் நோக்கம். அதனால் ஒளிப்பதிவு வேண்டும் என்று கேளுங்கள். கேட்காவிட்டால் தருவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

கொழும்புத் தமிழ்ப் பெற்றோருக்கு இன்னொரு மதில் மொழி. வீட்டில் தமிழில் அழுதுகொண்டு சொன்னது, பொலிஸ் நிலையத்தில் அரைகுறைச் சிங்களமாகி, எழுதப்படும்போது வேறொன்றாகிவிடலாம். "தடவினார்" என்பதும் "தட்டினார்" என்பதும் மொழிபெயர்ப்பில் ஓர் அடிதான் தூரம். வழக்கில் அது பல ஆண்டுகளின் தூரம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் முறைப்பாடு செய்வது நீங்கள் கேட்டு வாங்கும் சலுகை இல்லை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

பழப்பையோடு வந்த அந்தப் பெரியவருக்கும் ஒரு செய்தி உண்டு. குற்றத்துக்கு ஆளானவரையோ சாட்சியையோ மிரட்டிப் பின்வாங்க வைப்பது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். யார் வந்தார், என்ன சொன்னார், எத்தனை மணிக்கு என்று அதையும் எழுதி வையுங்கள்.

பக்கத்து நாடான இந்தியாவில், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் ஒரு படி மேலே போனது. குற்றம் நடந்ததென்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பவரையும் அது தண்டிக்கிறது. நிறுவனத்தின் தலைவர் மறைத்தால் ஓர் ஆண்டு வரை சிறை. 2021 மே மாதம் சென்னையில் பெயர்பெற்ற பாடசாலை ஒன்றின் முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் பேசத் தொடங்கியபோது அங்கே படிப்பித்த ஆசிரியர் ஒருவர் கைதானார். பல ஆண்டுகளாகப் பூட்டிக்கிடந்த கதைகள் அடுத்தடுத்து வேறு பாடசாலைகளிலிருந்தும் வெளிவந்தன. சென்னையில் 'துளிர்' அமைப்பு 2004இலிருந்து இந்த ஒரு பிரச்சினைக்காகவே தமிழில் வேலை செய்து வருகிறது. இங்கே சொற்கள் இல்லை என்று தயங்கும் பாடசாலைகள் அங்கே கேட்டு வாங்கலாம்.

அதே இரவு

வெள்ளவத்தைத் தாய்க்குத் திரும்பிப் போவோம். ஓட்டோவில் முடிந்த பேச்சு மீண்டும் தொடங்க முடியாதது இல்லை. சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்து, பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு தொடங்கலாம். இருட்டில், முகம் பார்க்காமல், பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள்.

"பின்னேரம் ஒண்டு சொன்னனி. நான் வடிவாக் கேக்கேல்லை. சேர் சரியில்லையெண்டனி."

பதில் இல்லை. மின்விசிறி சுற்றுகிறது.

"நாளைக்கு அந்த வகுப்புக்குப் போக வேண்டாம். அது முடிஞ்சுது. மற்றதை நீ சொல்ல விருப்பமெண்டா சொல்லு, இல்லாட்டி நாளைக்குச் சொல்லு."

கொஞ்ச நேரம் கழித்து: "அம்மா… எனக்கில்லை. என்ர பிரெண்டுக்கு."

"சரி குஞ்சு. உன்ர பிரெண்டுக்கு என்ன நடந்தது?"